ஆறு வாரமாக விடாத இருமல், எதைத்தான் பார்ப்பது?

பல்லடத்துக்காரி:
வணக்கமுங்க. பையனுக்கு நாலரை வயசு, ஆறு வாரமாக இருமல். காய்ச்சல் இல்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறான். ஆனால் விடியக்காலையில் கறகறவென்று சளியோடு ஆரம்பித்தால் வாந்தி எடுக்கும்வரை நிற்பதில்லை. மூன்று சிரப் மாற்றியாயிற்று. பக்கத்திலேயே தறிக்குடோன், பஞ்சுத் தூசிதான் என்கிறார் மாமியார். எனக்கு ஆஸ்துமாவோ என்று பயம். என்ன டெஸ்ட் எடுக்கணுமுங்க?

பவானி நர்ஸ்:
டெஸ்டுக்கு முன்னால் இருமலைக் கவனி அம்மிணி. குழந்தைக்கு நாலு வாரம் தாண்டினாலே காரணம் தேட வேண்டும். வறட்டு இருமலாக ராத்திரியிலும் ஓடி விளையாடும்போதும் வந்து, நெஞ்சில் விசில் மாதிரி இழுப்பும் இருந்தால் ஆஸ்துமா பக்கம் யோசிப்பார்கள். நீ சொல்வது சளி இருமல். மூச்சுக்குழாயில் கிருமி தங்கிவிட்டாலும் இப்படி வாரக்கணக்கில் இழுக்கும், அதற்கு டாக்டர் பார்த்து இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார், பாதியில் நிறுத்தக்கூடாது. தூங்கும்போதும் எழுந்ததும் இருமுவதை போனில் எடுத்துக்கொண்டு போ, டாக்டர் முன்னால் குழந்தைகள் இருமவே மாட்டார்கள். கடையில் இன்னொரு சிரப் மட்டும் வாங்காதே. ஐந்து வயசுக்குக் கீழே பொதுவாக இருமல் சிரப் வேண்டாம் என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையே சொல்லிவிட்டது.

கோபிக்காரர்:
இருமல் என்றைக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது ஆரம்பித்தது என்று யோசித்துப் பாரும்மா. என் பேத்தி மூன்று வயசில் கடலைக்காய் தின்றுகொண்டே ஓடினாள், பொறையேறி மூச்சுத் திணறியது, முதுகில் தட்டினதும் சரியாகிவிட்டது என்று நாங்களும் மறந்துவிட்டோம். அப்புறம் ஒரு மாசம் சளிக்கு மருந்து. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை, கடலைக்காய்ப் பருப்பு அதில் தெரியாதாம். கோயமுத்தூரில் ஒரு டாக்டர்தான் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, வலது பக்கம் காற்று குறைவாகப் போகிறதே, பொறையேறியதா என்று கேட்டார். மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் டியூப் விட்டு அரைப் பருப்பை எடுத்தார்கள். அந்த ஒரு கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் பிள்ளை அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டாள்.

காங்கயம் அக்கா:
வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது டிபி இருந்ததா, எடை குறைகிறதா, இரண்டையும் சொல்லாமல் விடாதே. எங்கள் அப்பாருக்கு இருந்தது, அதை வைத்துத்தான் என் பையனுக்கும் கண்டுபிடித்தார்கள்.

பல்லடத்துக்காரி:
ரொம்ப நன்றிங்க. பொறையேறிய ஞாபகம் இல்லை, சளிக்காய்ச்சலுக்குப் பின்னால்தான் ஆரம்பித்தது. டிபியும் யாருக்கும் இல்லை. நீங்கள் கேட்டதும்தான் தோன்றுகிறது, நடுவில் பத்து நாள் தாராபுரத்தில் என் அம்மா வீட்டில் இருந்தோம், அங்கே தறியே கிடையாது, அங்கேயும் இதே இருமல்தான். இன்று ராத்திரி இருமலைப் போனில் எடுத்துவிட்டு, நாளைக்குக் குழந்தை டாக்டரிடம் போகிறேன்.