அரசுத் துறையில் கோ-ஆப்: போகலாமா, வேண்டாமா?

அரைத்தூக்கம்:
கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு. அடுத்த நான்கு மாதம் வகுப்பு கிடையாது, கோ-ஆப் வேலை. (வீட்டில் ‘கோ-ஆப்’ என்றதும், கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதப் போகிறாயா என்று அப்பா கேட்டார். படிப்பின் ஒரு பகுதியாகவே சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு மறுபடியும் வகுப்புக்குத் திரும்புவது என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.)

கையில் இரண்டு ஆஃபர். ஒன்று சின்ன மென்பொருள் நிறுவனம். இன்னொன்று அரசின் போக்குவரத்துத் துறை, பாலங்கள் பற்றிய தரவுப் பிரிவு. அரசில் சம்பளம் குறைவு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் எது முதல், எது இரண்டாவது என்று கல்லூரியில் சொல்ல வேண்டும். சீனியர் ஒருவர், “அரசு ஆபீஸ் போனால் நான்கு மாதம் பெஞ்சைத் தேய்த்துவிட்டு வருவாய்” என்கிறார். உண்மையா?

சிவப்புநாடா:
உங்கள் சீனியர் சொன்னதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. நான் தேய்த்திருக்கிறேன்.

துறையின் பெயர் வேண்டாம். முதல் நாள் போனேன். பாதுகாப்புச் சோதனை முடியவில்லை, ஐடி கார்டு இல்லை என்றார்கள். கழுத்தில் ‘பார்வையாளர்’ அட்டை. அந்த அட்டை போட்டவர் தனியாக நடக்கக் கூடாது என்பது விதி. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட வேண்டும். அவர் பாவம், நல்ல மனிதர், வாசலில் நின்று போன் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து வாரம் இப்படி. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

ஆறாம் வாரம் லாகின் வந்தது. கணினியில் எனக்கு வேண்டிய மென்பொருள் இல்லை. நிறுவ அனுமதி கேட்டுப் படிவம் போட்டேன். பதில் வந்தது நான் கிளம்பிய வாரத்தில். அதுவரை ஸ்கேன் செய்த ஆய்வறிக்கைகளைப் பார்த்து எக்செல்லில் தட்டினேன். கல்லூரிக்குத் தந்த அறிக்கையில் அதற்கு ‘தரவு மேலாண்மை’ என்று பெயர் வைத்தேன். ஆசிரியரும் சிரிக்காமல் மதிப்பெண் போட்டார்.

கோப்புக்காரன்:
சிவப்புநாடா சொன்னது நடக்கிற விஷயம்தான், மறுக்கவில்லை. அரசுத் துறையில் பன்னிரண்டு வருடமாக மாணவர்களை மேய்க்கிறவன் நான். லாகின் இல்லாமல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் அது அரசின் தலையெழுத்து இல்லை. மேற்பார்வையாளர் படிவத்தை மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆஃபரை மாணவர் ஏற்ற அன்றே சோதனைப் படிவத்தை அனுப்பினால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே கார்டு கையில் இருக்கும்.

இன்னொன்று. இந்தக் கோ-ஆப் முறையே எதற்கு வந்தது? 1906-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 பொறியியல் மாணவர்களோடு தொடங்கினார். பாதிப் பேர் வகுப்பில், பாதிப் பேர் தொழிற்சாலையில், ஒரு வாரத்துக்கு ஒருமுறை மாற்று. ஒருவன் வகுப்புக்குப் போனால் அவன் இடத்தில் அடுத்தவன் வந்து நிற்பான், இயந்திரம் சும்மா கிடக்காது. வகுப்பறைக்குள் கொண்டுவர முடியாததை, அது இருக்கிற இடத்திலேயே போய்க் கற்றுக்கொள் என்பதுதான் அவர் சொன்னது. அரசு அலுவலகத்திலும் அப்படி வகுப்புக்குள் வராத சரக்கு இருக்கிறது.

ஓர் உதாரணம். எங்கள் பிரிவில் இரண்டு தரவுத்தளம். ஒன்று ஆய்வுக்கு, ஒன்று பழுதுபார்ப்புச் செலவுக்கு. ஒரு மாணவி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சில பாலங்கள் இரண்டு முறை இருக்கின்றன என்றார். யாரும் நம்பவில்லை. பார்த்தால், ஒரு குழு சாலையின் வடக்கு முனையிலிருந்து கிலோமீட்டர் எண்ணியிருக்கிறது, இன்னொன்று தெற்கு முனையிலிருந்து. ஒரே பாலம், இரண்டு எண். அவர் இரண்டையும் இணைக்க ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். அந்தப் பெண் படிப்பு முடித்துப் போய் ஆறு வருடம் ஆகிறது. அட்டவணை இன்றும் ஓடுகிறது. கல்லூரி பாடத்தில் தரும் தரவு குளித்துத் தலைவாரி வந்து நிற்கும். உண்மையானது இப்படித்தான் இருக்கும், அழுக்கோடு.

சிவப்புநாடா:
பன்னிரண்டு வருடத்தில் ஒரு மாணவி. மீதிப் பேர் என்ன செய்தார்கள் என்றும் சொல்லுங்கள் சார்.

கோப்புக்காரன்:
நியாயமான கேள்வி. சிலர் நன்றாகச் செய்தார்கள். சிலர் எக்செல் தட்டினார்கள். இரண்டு பேருக்கு வேலையே தயாராக இல்லை, தப்பு என்னுடையது.

நிரல்நிலா:
யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லையே. எனக்கு முதல் கேள்வியே அதுதான்.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விந்தை இருக்கிறது. மத்திய அரசுத் துறைகள் யாரிடமும் இலவச உழைப்பை வாங்கக் கூடாது என்பது பொது விதி. விதிவிலக்குகளில் ஒன்று மாணவர்கள்! படிப்பின் பகுதியாக என்றால் சம்பளமில்லாமல் வைத்துக்கொள்ளலாம். வெள்ளை மாளிகையே தன் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது 2022 இலையுதிர் காலத்தில்தான். அதுவரை யார் போயிருப்பார்கள்? வாடகையை அப்பா கட்டுகிற வீட்டுப் பிள்ளைகள். ‘மக்கள் சேவை’ என்ற பெயரில் வசதியானவர்களுக்கு மட்டும் வாசல் திறந்து வைத்திருந்தார்கள்.

கோப்புக்காரன்:
நிலா, இரண்டையும் குழப்ப வேண்டாம். சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் வேறு, கோ-ஆப் வேறு. அரைத்தூக்கத்துக்கு வந்திருப்பது சம்பளம் உள்ள வேலை. அமெரிக்க மத்திய அரசின் பாத்வேஸ் திட்டத்தில் வரும் மாணவருக்குச் சம்பளம் உண்டு. கனடா மத்திய அரசில் மாணவர் எந்தப் படிப்பு நிலையில் இருக்கிறார் என்பதை வைத்து ஊதிய அட்டவணையே இருக்கிறது. பேரம் பேச முடியாது, ஆனால் ஏமாற்றவும் முடியாது.

நிரல்நிலா:
சரி, கோ-ஆப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அட்டவணையில் இருப்பது கைக்கு வந்து சேர வேண்டுமே. 2016-ல் கனடா அரசு கொண்டுவந்த ஃபீனிக்ஸ் சம்பள மென்பொருள் நினைவிருக்கிறதா? சிலருக்குக் குறைவாக வந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்து பிறகு திருப்பிக் கேட்டார்கள், சிலருக்கு வரவே இல்லை. கோடைக்கால மாணவர்களும் அதில் சிக்கினார்கள். நிரந்தர ஊழியர் எப்படியோ சமாளிப்பார். நான்கு மாதத்துக்கு மட்டும் வந்தவன் என்ன செய்வான்?

மழைக்காகிதம்:
எல்லாரும் அந்த நான்கு மாதத்தையே பேசுகிறீர்கள். அதற்குப் பிறகு வருவதுதான் விஷயம். நான் அமெரிக்க மத்திய அரசில் மாணவியாக நுழைந்து அப்படியே நிரந்தரமானவள், அதனால் ஒருதலைப்பட்சமாகத்தான் பேசுவேன்.

பாத்வேஸ் திட்டம் 2012-ல் நடைமுறைக்கு வந்தது. படிக்கும்போது 640 மணி நேரம் வேலை பார்த்திருந்தால், பட்டம் முடிந்து 120 நாளுக்குள் பொதுப் போட்டி இல்லாமல் உங்களை நிரந்தரப் பணிக்கு மாற்றலாம். 640 மணி என்பது வாரம் 40 வீதம் சரியாக 16 வாரம். ஒரு நாள் காய்ச்சல் வந்தாலும் இடிக்கும். 2024-ல் விதியைத் தளர்த்தினார்கள்: 480 மணி, 180 நாள். அதாவது 12 வாரம் போதும். கனடாவிலும் ‘பிரிட்ஜிங்’ என்று இதே போன்ற வழி இருக்கிறது. வெளியிலிருந்து விண்ணப்பித்து நூற்றுக்கணக்கானவர்களோடு மல்லுக்கட்டியவர்களைக் கேளுங்கள், இந்த வாசலின் அருமை தெரியும்.

சிவப்புநாடா அண்ணா, லாகின் இல்லாமல் உட்கார்ந்த நேரமும் அந்த மணிக்கணக்கில் சேரும் :)

சிவப்புநாடா:
நல்ல ஆறுதல்!

ஆனால் ‘மாற்றலாம்’ என்றுதான் விதியில் இருக்கிறது, ‘மாற்ற வேண்டும்’ என்று இல்லை. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க மத்திய அரசு சிவிலியன் ஆள்சேர்ப்பை நிறுத்தி வைத்தது. அந்த வருடம் பட்டம் வாங்க இருந்தவன் 480 மணியையும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவான்?

இதைவிடக் கொடுமை சைபர்கார்ப்ஸ், இணையப் பாதுகாப்பு படிப்பவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் உதவித்தொகை. படிப்புச் செலவை அரசு கட்டும், முடித்ததும் எத்தனை வருடம் பணம் வாங்கினீர்களோ அத்தனை வருடம் அரசுப் பணி செய்ய வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் அந்தத் தொகை கடனாக மாறிவிடும். ஆள் எடுப்பதை நிறுத்துவதும் அரசு, வேலைக்குச் சேரவில்லையே என்று கடன் கேட்பதும் அரசு.

கோப்புக்காரன்:
அதில் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் அதே கோபத்தில்தான் இருக்கிறேன். ஆனால் அது உதவித்தொகை ஒப்பந்தம். கோ-ஆப்புக்கு அப்படி விலங்கு கிடையாது. நான்கு மாதம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டுப் போகலாம். பையன் படிக்கிற இழை இது, பயந்துவிடப் போகிறான்.

நிரல்நிலா:
வாசல் வாசல் என்கிறாரே மழைக்காகிதம், அது யாருக்கான வாசல்? பாத்வேஸுக்கு முன்னால் ‘ஃபெடரல் கேரியர் இன்டர்ன்’ என்று ஒரு திட்டம் இருந்தது. பணியிடத்தைப் பொதுவில் அறிவிக்காமல் ஆள் எடுத்தார்கள். முன்னாள் படைவீரர்களுக்குச் சட்டப்படி தர வேண்டிய முன்னுரிமை அதில் அடிபட்டது. தீர்ப்பு எதிராக வந்தது, 2010 டிசம்பர் ஆணையோடு அதற்கு மூடுவிழா, 2011 மார்ச்சில் முடிந்தது. அதன் இடத்துக்கு வந்ததுதான் பாத்வேஸ். போட்டி இல்லாமல் நுழைவது உங்களுக்கு வரம், வெளியே வரிசையில் நிற்கிறவனுக்கு அது கொல்லைப்புறக் கதவு.

மழைக்காகிதம்:
கொல்லைப்புறம் என்று எப்படிச் சொல்ல முடியும்? மாணவராகச் சேரும்போதே அறிவிப்பு, விண்ணப்பம், முன்னுரிமை எல்லாம் உண்டு. அப்புறம் பல மாதம் என் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேர நேர்காணலைவிட அது மோசமான தேர்வா?

நிரல்நிலா:
தேர்வு மோசமில்லை. அந்தத் தேர்வை எழுதவே எல்லாருக்கும் இடமில்லை என்கிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் வெளிநாட்டு மாணவர்கள். அமெரிக்க மத்திய அரசு வேலைகளில் பெரும்பாலானவை குடிமக்களுக்குத்தான். அதே கட்டணத்தைக் கட்டி, அதே கோ-ஆப் அலுவலகத்தில் நின்றால், பட்டியலில் ஒரு பகுதி அவர்களுக்கு விண்ணப்பிக்க முடியாதபடி சாம்பல் நிறத்தில் தெரிகிறது.

மழைக்காகிதம்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அரைத்தூக்கம்:
இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எனக்குக் குடியுரிமைச் சிக்கல் இல்லை. சம்பள வித்தியாசத்தையும் தாங்கிக்கொள்ளலாம். பெஞ்சைத் தேய்ப்பதுதான் பயம். போவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

கோப்புக்காரன்:
உண்டு தம்பி. மேற்பார்வையாளருக்குப் போன் போடுங்கள். மின்னஞ்சல் வேண்டாம், மின்னஞ்சலில் எல்லாரும் அழகாக எழுதுவோம். கடைசியாக வந்த மாணவர் என்ன செய்தார், அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் அங்கே வேலை இருக்கிறது. “பலவிதமான பணிகளில் உதவினார்” என்று இழுத்தால் நிறுவனத்துக்கே போங்கள். சோதனைப் படிவம் எப்போது வரும் என்றும் கேளுங்கள்.

சிவப்புநாடா:
இதில் மட்டும் சாரோடு ஒத்துப்போகிறேன். முடிந்தால் அந்தக் கடைசி மாணவரையே பிடித்துப் பேசுங்கள். லாகின் எந்த வாரம் வந்தது என்று ஒரு கேள்வி போதும்.

அப்புறம், நிறுவனம் என்றால் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கே முதல் நாளே லாகின் தருவார்கள், இரண்டாம் நாளே யாரோ பாதியில் விட்டுப்போன நிரலைத் தலையில் கட்டுவார்கள். அதுவாவது நிரல்.

அரைத்தூக்கம்:
போன் போட்டேன். கடைசி மாணவர் என்ன செய்தார் என்று கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் அந்த அம்மா சொன்னார்: “பாலத் தூண்களின் ஆய்வுப் படங்களைத் தேதிவாரியாக அடுக்க ஒரு நிரல் எழுதினார். முக்கால்வாசி வேலை செய்கிறது. ஒரே நாளில் இரண்டு முறை ஆய்வு நடந்திருந்தால் பழைய படத்தை அழித்துவிடுகிறது. அதனால் யாரும் தொடுவதில்லை. நீங்கள் வந்தால் அதைத்தான் கொடுப்பேன்.”

அந்த மாணவரிடமும் பேசினேன். லாகின் மூன்றாம் வாரமாம்.

சிவப்புநாடா:
மூன்று வாரமா? கொடுத்து வைத்தவன். படத்தை அழிக்கிற நிரல் என்றால் முதலில் நகல் எடுத்துக்கொண்டு கை வை.

அரைத்தூக்கம்:
அரசை முதலில் போட்டுவிட்டேன். சோதனைப் படிவம் மாலையே மின்னஞ்சலில் வந்துவிட்டது. ஐந்து வருட முகவரி கேட்கிறார்கள். விடுதியில் மட்டும் ஆறு அறை மாறியிருக்கிறேன், எல்லாவற்றையும் எழுத வேண்டுமா?

கோப்புக்காரன்:
எல்லாவற்றையும். மாதம் விட்டுப்போகாமல். இடையில் ஒரு மாதம் காலியாக இருந்தால் படிவம் திரும்பி வரும், உங்கள் மூன்று வாரம் ஆறு வாரமாகும். இன்று இரவே உட்கார்ந்து எழுதுங்கள்.