போஸ்ட்கிரெஸை மூன்று ஓஎஸ்ஸில் பில்ட் செய்த அனுபவம்

மடிவாளாக்காரன்:
பெங்களூருவில் நாங்கள் தங்கியிருக்கும் வீட்டில் மூன்று லேப்டாப், மூன்று ஓஎஸ். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குச் சொந்தமாக ஒரு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி) எழுதுவதால் அதன் பதிப்பு 16-ஐ சோர்ஸிலிருந்தே பில்ட் செய்தோம்.

உபுண்டுவில் ஐசியு (மொழிக்கேற்ப எழுத்துகளை வரிசைப்படுத்தும் லைப்ரரி) இல்லை என்று ஆரம்பத்திலேயே நின்றது. போஸ்ட்கிரெஸ் 16-இலிருந்து அதுவாகவே ஐசியுவைத் தேடும். வேண்டாமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும். அப்புறம் ரீட்லைன் (கமாண்ட் டைப் செய்ய உதவும் லைப்ரரி) ஹெடர் இல்லை. இதெல்லாம் பேக்கேஜ் போட்டால் தீர்ந்துவிடும், விடுங்கள்.

மேக்புக்தான் படுத்தி எடுத்தது. கம்பைல் ஒழுங்காக முடிந்தது. டெஸ்ட் ஓட்டினால், புரோகிராம்கள் போஸ்ட்கிரெஸோடு பேச உதவும் லிப்பிக்யூ லைப்ரரியைக் காணோம் என்கிறது. ஃபைல் பில்ட் ஃபோல்டரில் கண்ணெதிரே கிடக்கிறது! டெஸ்ட் ஸ்கிரிப்ட் லைப்ரரி இருக்கும் இடத்தை ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் சொல்லி அனுப்புகிறது. அது ஷெல் வழியாகப் போகும்போது, அபார்ட்மென்ட் செக்யூரிட்டி கேட்டிலேயே பார்சலை வாங்கி வைத்துக்கொள்வது போல, ஆப்பிளின் எஸ்ஐபி பாதுகாப்பு அதை உருவிக்கொள்கிறது. முதலில் இன்ஸ்டால் செய்துவிட்டு டெஸ்ட் ஓட்டினால் சரியாகிவிடும். டாக்குமென்டேஷனில் இருக்கிறது, ஆனால் அந்த எர்ரரைப் பார்த்து யார் அங்கே போய்த் தேடுவார்கள்?

விண்டோஸில் வேறு கூத்து. போஸ்ட்கிரெஸ் 14-க்கும் எக்ஸ்டென்ஷன் வேண்டும் என்றார் கஸ்டமர். லினக்ஸில் சர்வரின் குளோபல் வேரியபிள்கள் தாராளமாகக் கிடைக்கும். விண்டோஸில், வெளியிலிருந்து எடுக்கலாம் என்று சோர்ஸில் பிஜிடிஎல்எல்இம்போர்ட் குறி போட்டவை மட்டும்தான். 15-இல் பரவலாகப் போட்டுவிட்டார்கள். 14-இல் இல்லை, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்க்கர் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

ஒயிட்ஃபீல்டு அக்கா:
தம்பி, லிங்க்கர் திட்டினால் சந்தோஷப்படுங்கள். எங்களுக்கு எல்லாமே எர்ரர் இல்லாமல் பச்சையாக முடிந்தது. சென்டோஸ் 7-இலிருந்த டேட்டா டைரக்டரியை அப்படியே ராக்கி லினக்ஸ் 9-க்குக் கொண்டுபோனோம், அதே போஸ்ட்கிரெஸ் பதிப்புதான். டேபிளில் இருக்கும் ரோவைத் தேடினால் வரவில்லை. யூனிக் இண்டெக்ஸ் இருந்தும் டூப்ளிகேட் நுழைந்தது. காரணம் ஜிலிப்சி, அதாவது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி. 2018-இல் வந்த 2.28-இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறை மாறிவிட்டது. அமெரிக்க ஆங்கில லொகேலில் "1-1", "11" இரண்டையும் சார்ட் செய்து பாருங்கள்: பழையதில் "11" முதலில், புதியதில் "1-1" முதலில். இண்டெக்ஸ் பழைய வரிசையிலேயே நிற்கும், எர்ரரும் வராது.

மடிவாளாக்காரன்:
அய்யோ அக்கா, எங்கள் டெஸ்ட் சர்வர் உபுண்டு 18.04. அடுத்து 22.04-க்கு மாற்றப் போகிறோம். எல்லாவற்றையும் ரீஇண்டெக்ஸ் செய்யணுமா, அதாவது இண்டெக்ஸ்களைப் புதிதாகக் கட்டணுமா?

ஒயிட்ஃபீல்டு அக்கா:
எண், தேதி காலம்களுக்கு வேண்டாம். டெக்ஸ்ட் காலம் இருக்கும் இண்டெக்ஸ்கள் மட்டும். சி கொலேஷன் (பைட் மதிப்பை மட்டும் வைத்து வரிசைப்படுத்துவது) வைத்திருந்தால் அதற்கும் வேண்டாம். டம்ப் எடுத்துப் புதிய சர்வரில் ரீஸ்டோர் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை.