தெற்காசிய இளையோர் தடகளப் போட்டியை இலக்காக வைக்கலாமா?

கேள்வி: உடற்கல்வி ஆசிரியர், புதுக்கோட்டை

வணக்கம். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் குண்டு எறியும் மாணவன் ஒருவன் என்னிடம் பயிற்சி பெறுகிறான். அடுத்த ஆண்டு இருபது வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குச் சென்றுவிடுவான். 2024 செப்டம்பர் 11 முதல் 13 வரை சென்னை நேரு விளையாட்டரங்கில் நடந்த தெற்காசிய இளையோர் (இருபது வயதுக்குட்பட்டோர்) தடகளப் போட்டியில் இந்தியா 21 தங்கம், 22 வெள்ளி, 5 வெண்கலம் வென்றதைப் பார்த்த அவனுடைய தந்தை, அணியில் இடம் கிடைத்தாலே பதக்கம் உறுதி என்று எண்ணி, அதையே குறியாக வைத்துப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார். அவர் சொல்வதை மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் மனம் வரவில்லை. அந்தப் போட்டியின் முடிவுகளை வைத்து ஒரு மாணவனின் தரத்தை எப்படி மதிப்பிடுவது?

பதில் 1: தடகள நடுவர், மதுரை

ஐயா, அந்தப் பட்டியலில் தங்கமும் வெள்ளியும் ஏறத்தாழ சமமாக இருப்பதைக் கவனியுங்கள். பல பிரிவுகளில் முதல் இரண்டு இடங்களையும் நம்மவர்களே பிடித்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். ஆகவே உண்மையான போட்டி தேசிய இளையோர் போட்டியிலும் அணித் தேர்விலுமே முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டுவது பதக்கம் வெல்வதைவிடக் கடினம்.

தரத்தை அளக்க வேண்டுமானால் பதக்கத்தை விட்டுவிட்டுத் தூரத்தையும் நேரத்தையும் பாருங்கள். அதிலும், எந்த எடையில் எறிந்த தூரம் என்று கேளுங்கள். ஆண்களுக்கான குண்டு பதினெட்டுக்குட்பட்டோருக்கு 5 கிலோ, இருபதுக்குட்பட்டோருக்கு 6 கிலோ, மூத்தோருக்கு 7.26 கிலோ, வட்டு முறையே 1.5, 1.75, 2 கிலோ. இன்று 5 கிலோவில் மாவட்டமே வியக்கும்படி எறியும் பையன், 6 கிலோவில் நடுவரிசைக்கு இறங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓட்டத்தில் இதே ஏமாற்றத்தைக் கைக்கடிகாரம் செய்கிறது: கையால் எடுத்த 100 மீட்டர் நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 வினாடி கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதைப் பல பெற்றோர் அறிவதில்லை. சென்னையில் அபிநயா ராஜராஜன் பெண்கள் 100 மீட்டரை 11.77 வினாடியில் வென்றதைப் பள்ளி மைதானத்து நேரங்களோடு ஒப்பிடுவோர் இதை மறக்கலாகாது.

பதில் 2: மெய்வல்லுநர் (தடகள) பயிற்றுநர், யாழ்ப்பாணம்

நடுவர் ஐயா கூறியது சரியே. ஆனால் அது இந்தியாவில் இருந்து பார்க்கும் பார்வை. அதே போட்டியில் இலங்கை 9 தங்கம், 9 வெள்ளி, 17 வெண்கலத்துடன் இரண்டாம் இடம் பெற்றது. பாடசாலை மட்டப் போட்டிகளையே பெரிதும் நம்பியிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, வேறொரு நாட்டு மைதானத்தில், அறிமுகமில்லாத எதிராளிகளுடன், போட்டிக்கு முன் வீரர்களைக் கூட்டிவைக்கும் அழைப்பு அறையில் காத்திருந்து ஓடுவதற்கு இத்தகைய வாய்ப்புகள் அரிது. அந்தக் காத்திருப்பிலேயே உடல் சூடு தணிந்து, கால் இறுகிப்போய்த் தோற்றவர்கள் உண்டு. உள்ளூரில் அதைக் கற்பிக்க இயலாது. எனவே போட்டி சிறிது என்று தள்ளிவிடாதீர்கள். எனினும் எங்கள் தருஷி கருணாரத்ன 2023இல் தென் கொரியாவின் யெச்சோனில் நடந்த ஆசிய இருபது வயதுக்குட்பட்டோர் போட்டியில் வென்று, அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மூத்தோருடன் ஓடி 800 மீட்டரில் தங்கம் பெற்றார்; தெற்காசியப் பதக்கத்தோடு நின்றுவிட்டால் அத்தகைய பாய்ச்சல் வராது.

பதில் 3: கல்லூரிப் பயிற்சியாளர், கோயம்புத்தூர்

2016இல் ஹோ சி மின் நகரில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் ஈட்டி எறிதலில் நம் நீரஜ் சோப்ராவுக்கு வெள்ளி, பாகிஸ்தானின் அர்ஷத் நதீமுக்கு வெண்கலம். இருவருமே முதலிடம் பெறவில்லை. சில வாரங்களில் நீரஜ் உலக இளையோர் போட்டியில் 86.48 மீட்டர் எறிந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அர்ஷத் 92.97 மீட்டருடன் தங்கமும் நீரஜ் வெள்ளியும் பெற்றார்கள். அந்தத் தந்தையிடம் இதைச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கூடுதலாக: இளையோருக்கும் மூத்தோருக்கும் ஈட்டி ஒரே 800 கிராம் என்பதால் அந்த 86.48 நேரடியாக ஒப்பிடத்தக்கது. குண்டில் அந்த வசதி கிடையாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அப்படியானால் 6 கிலோ குண்டை இப்போதே கையில் கொடுத்துவிடலாமா, அல்லது மாநிலப் போட்டி முடியட்டும் என்று காத்திருப்பதா?

பதில்: தடகள நடுவர், மதுரை

மாநிலப் போட்டி முடியும்வரை முழு எறிதலை 5 கிலோவிலேயே வையுங்கள். வாரத்தில் ஒருநாள், நின்ற இடத்திலிருந்து மட்டும், 6 கிலோவில் சில எறிதல்கள் போதும். எடை கூடியவுடன் முழங்கை தாழ்ந்து, குண்டு கழுத்தை விட்டு முன்னதாகவே விலகும். அதைப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். விலகத் தொடங்கினால் அன்று அதோடு நிறுத்திவிடுங்கள், ஏனெனில் அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அதை நீக்க ஒரு பருவமே போய்விடும்.