கப்பன் பார்க்குக்குக் குழந்தைகளோடு போகிறோம், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு கப்பன் பார்க்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. ஞாயிறன்று உள்ளே வண்டி விடமாட்டார்கள் என்பதால்தான் அந்த நாள். சின்னவள் கையை உதறிவிட்டு ஓடுகிற ரகம்!

பர்ப்பிள் லைன் மெட்ரோவில் வந்து கப்பன் பார்க் ஸ்டேஷனில் இறங்குவோம். அங்கிருந்து பார்க்குக்குள் சிறுவர்கள் விளையாடும் இடமான பால பவனுக்கு எந்த கேட் வழியாகப் போனால் நடை குறைவு? சுமார் 300 ஏக்கர் இடம், தவறான பக்கம் நுழைந்தால் தூக்கிக்கொண்டு நடப்பது நான்தான். பால பவன் குட்டி ரயிலுக்கு ஞாயிறன்று கூட்டம் எப்படி, காலையிலேயே போய்விட வேண்டுமா?

இன்னொன்று, பெரியவனுக்கு நாய் என்றால் நடுக்கம். நாய்களுக்கென்று தனியாக ஒதுக்கிய இடம் எந்தப் பக்கம் என்று சொன்னால் அந்தத் திசைக்கே போகமாட்டோம்.

வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டு வரலாமா, உள்ளே உட்கார்ந்து சாப்பிட விடுவார்களா? சுத்தமான கழிப்பறை எங்கே என்பதும் முக்கியம். மதியத்துக்கு மேல் கஸ்தூர்பா ரோட்டில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா அறிவியல் மியூசியம் பார்க்க ஆசை. மூன்று வயதுக் குழந்தை அங்கே தாங்குமா? சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.