கர்ப்ப கால இரத்த அழுத்தம்: 'இயல்பு' என்று வந்த கிரியாட்டினினை மறுபடி பார்ப்பது ஏன்?

கேள்வி:
என் தங்கைக்கு இது 32-ஆவது வாரம். இதுவரை சீராக இருந்த இரத்த அழுத்தம் இருமுறை 140/90-ஐத் தாண்டியதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். யூரிக் அமிலம் 6.1, கிரியாட்டினின் 0.9 மில்லிகிராம் என வந்துள்ளன. கிரியாட்டினினுக்கு நேரே 'இயல்பு' என்றே அச்சிட்டிருக்க, அதை மறுபடியும் பார்க்கச் சொல்கிறாரே, ஏன்? யூரிக் அமிலத்தைக் குறைக்க மாத்திரை தேவைப்படுமா?

பதில் 1:
அச்சிட்டிருக்கும் வரம்பு கருவுறாதவர்களுக்கு உரியது. கர்ப்பத்தில் சிறுநீரகம் வடிகட்டும் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுவதால், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் 0.4 முதல் 0.8 வரை இறங்கியிருப்பதே இயல்பு. அழுத்தமும் ஏறியிருக்கையில் 0.9-ஐ அப்படியே விட்டுவிட முடியாது. 1.1-ஐத் தாண்டினால் சிறுநீரகப் பாதிப்பு என்றே கொள்வார்கள். வடிகட்டல் குறைவதாலும், சிறுநீரக நுண்குழல்கள் மீண்டும் உறிஞ்சிக்கொள்வதாலும் யூரிக் அமிலம் உயர்கிறது. பெரும்பாலும் அது ப்ரீ எக்லாம்ப்சியா என்னும் நோயின் (கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்து உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) விளைவு என்பதால், மாத்திரையால் அந்த எண்ணை மட்டும் இறக்கிப் பயனில்லை.

பதில் 2:
இந்நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கருப்பைத் தமனிகள் போதிய அளவு விரியாமல் அதற்கு இரத்தம் குறையும்போது, எஸ்எஃப்எல்டி-1 என்னும் புரதம் மிகுதியாகத் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பேணும் பிஎல்ஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளை அது பிடித்து வைத்துக்கொள்வதால், குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறைந்து அவை இறுகுகின்றன. சிறுநீரில் புரதமும் கசிகிறது. எஸ்எஃப்எல்டி-1, பிஎல்ஜிஎஃப் விகிதம் 38-க்கு மேற்படவில்லை என்றால் அடுத்த ஒரு வாரத்துக்குள் ப்ரீ எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இச்சோதனை எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால், யூரிக் அமிலத்தைவிடத் தட்டணுக்களையும் கல்லீரல் நொதிகளையும் கவனிப்பதே மேல் என்பது என் கருத்து.

கேட்டவர்:
சிறுநீரில் புரதம் இல்லை என்று அறிக்கை சொல்கிறது. அப்படியானால் ப்ரீ எக்லாம்ப்சியா இல்லை என்று நிம்மதி கொள்ளலாமா?

பதில் 1:
அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. புரதம் கசியாவிட்டாலும், உயர்ந்த அழுத்தத்தோடு தட்டணுக்கள் 1 லட்சத்துக்குக் கீழே இறங்கினாலோ கல்லீரல் நொதிகள் இருமடங்கானாலோ அது ப்ரீ எக்லாம்ப்சியாதான் என்று இன்றைய வரையறை கூறுகிறது. கடும் தலைவலி, பார்வை மங்கல், வலப்பக்க மேல்வயிற்று வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், அடுத்த அறிக்கைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.