வீட்டுப்பள்ளியில் ஸ்பானிஷ்: புரிகிறது, வாயில் வரவில்லை

கேள்வி (திண்ணை):
டெக்சாஸ், வீட்டுப்பள்ளி (பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பு). அப்பா வழி மெக்சிகோ. பையனுக்கு 6 வயது. ஸ்பானிஷில் சொன்னால் எல்லாம் புரிகிறது. பதில் மட்டும் ஆங்கிலத்தில். தினம் அரை மணி ஸ்பானிஷ் பாடம் வைத்தால் போதுமா? வாசிக்க எந்த மொழியில் தொடங்குவது? பண்டிகை, வரலாறெல்லாம் எங்கே சேர்ப்பது?

கூழாங்கல்:
அரை மணி பத்தாது. அதைவிட, ஏதாவது ஒரு பாடத்தை முழுசாக ஸ்பானிஷுக்கு மாற்றுங்கள். கணக்கு நல்லது: சொற்கள் குறைவு, தினமும் திரும்பத் திரும்ப வரும். ஒரே பாடத்தை இரண்டு மொழியிலும் நடத்தாதீர்கள். ஆங்கிலத்தில் எப்படியும் வரும் என்று தெரிந்தால் ஸ்பானிஷ் ஓடும்போது பையன் காதை மூடிக்கொள்வான்.

பதில் ஆங்கிலத்தில் வந்தால் "ஸ்பானிஷில் சொல்லு" என்று அதட்டுவதில் பலனில்லை. "லேச்சேயா, ஆக்வாவா?" (பாலா, தண்ணீரா?) என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். வேண்டிய சொல் கேள்வியிலேயே இருக்கிறது. எடுத்துச் சொன்னால் போதும். இது பழகிய பிறகு "ஏன்", "எப்படி" கேள்விகளுக்குப் போகலாம்.

ஒற்றெழுத்து:
வாசிப்பை ஸ்பானிஷில் தொடங்குவதே சுலபம். ஐந்து உயிரெழுத்து, ஐந்தே ஒலி. மா, மே, மி, மோ, மு என்று நம் உயிர்மெய் வரிசை போலவே போகலாம். ம, ப, ஸ, ல, த முதலில். எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்துத் தொடங்கினால் "எமே, ஆ" சேர்ந்து "எமேஆ" என்று படிப்பான், ஒலியிலிருந்து தொடங்குங்கள். 'பெரோ' (ஆனால்), 'பெர்ரோ' (நாய்) இரண்டையும் காதால் பிரிக்கப் பழக்குங்கள்.

பேச்சு வீட்டிலிருந்தே வந்த பிள்ளைகள் தடுக்குவது எழுத்துக்கூட்டலில்தான். பி (b), வி (v) இரண்டுக்கும் ஒரே ஒலி, ஹச் (h) ஊமை, லத்தீன் அமெரிக்காவில் எஸ்ஸும் (s) இசட்டும்கூட (z) ஒன்றே. காது இங்கே உதவாது, கண்தான் பழக வேண்டும். வாரம் இருமுறை நான்கைந்து வரி: முதல் நாள் பார்த்து எழுதட்டும், மறுநாள் அதையே சொல்லச் சொல்ல எழுதட்டும்.

அழுத்தக்குறி (உயிரெழுத்தின் மேல் போடும் சாய்கோடு, á போல) 8 வயதுக்கு மேல் போதும். சொல் உயிரெழுத்திலோ n, s எழுத்துகளிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். மற்றவற்றில் கடைசி அசையில். இதை மீறினால் குறி. குறி இல்லாத 'பாபா' உருளைக்கிழங்கு, கடைசியில் குறி போட்டால் அப்பா! 'ஆஞோ'வில் (año, வருடம்) n மேல் வரும் அலைக்கோடு மட்டும் முதல் நாளிலிருந்தே கட்டாயம். விட்டால் வருடம் ஆசனவாயாகிவிடும்.

நிலாமுற்றம்:
டெக்சாஸில் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஐந்தும் இருக்க வேண்டும். மீதி உங்கள் விருப்பம். வரலாற்றை நாட்காட்டியோடு கட்டுங்கள்: செப்டம்பர் 15 மத்திய அமெரிக்காவின் ஐந்து நாடுகளுக்கு விடுதலை நாள், 16 மெக்சிகோவுக்கு. மே 5-ஐ மெக்சிகோவின் சுதந்திர தினம் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது 1862-இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையை வென்ற நாள்.

லோத்தேரியா (கூப்பிடும் படச் சீட்டைப் பலகையில் குறிக்கும் மெக்சிகோ விளையாட்டு) ஒரு கட்டு வாங்குங்கள். 54 சீட்டு, ஆளுக்கு 16 கட்டப் பலகை. சீட்டுகளில் 'எல் காயோ' (சேவல்), 'லா லூனா' (நிலா) என்று ஆண்பாலுக்கு 'எல்', பெண்பாலுக்கு 'லா' என்ற பால்சொல்லும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். 'லா மானோ' (கை; 'ஓ'வில் முடிந்தும் பெண்பால்) போன்ற விதிவிலக்கும் தானாகப் பதியும். சீட்டைக் கூப்பிடும் வேலையைப் பையனிடம் கொடுங்கள். பலகையில் குறிப்பவன் வாயைத் திறக்கவே தேவையில்லை.

வீட்டு வழக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். பேருந்து மெக்சிகோவில் 'கமியோன்', கரீபியனில் 'குவாகுவா', அதே 'குவாகுவா' சிலியில் கைக்குழந்தை. பாட்டி சொல்வதைப் புத்தகத்தை வைத்துத் திருத்தினால் பையன் பாட்டியிடம் பேசக் கூச்சப்படுவான்.

கூழாங்கல்:
பின்னாளில் ஏபி ஸ்பானிஷ் (உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான கல்லூரி நிலைத் தேர்வு) எழுதும் எண்ணம் இருந்தால் ஒன்று: தேர்வு மே மாதம், ஆனால் வெளி மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியைத் தேடிப் பதிவது முந்தைய இலையுதிர் காலத்தில். ஆகஸ்டிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.