மைண்ட்ஃபுல்னஸ்: தேடுபெட்டியில் தட்டுவதற்கு ஒரு தமிழ்ச்சொல்

அனுப்புநர்: சென்னை (பட்டியல் தொகுப்பு)
பொருள்: மைண்ட்ஃபுல்னஸ், தமிழில் என்ன?

அன்பர்களே, வணக்கம்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு உதவும் மனநல வலையொலிகளுக்கு (பாட்காஸ்ட்) ஒரு தமிழ்ப் பட்டியல் தயாராகிறது. முதல் தலைப்பிலேயே வேலை நின்றுவிட்டது. மைண்ட்ஃபுல்னஸுக்கு, அதாவது இந்தக் கணத்தில் நடப்பதைத் தீர்ப்பின்றிக் கவனிக்கும் பயிற்சிக்கு, இப்போது புழங்கும் சொற்களைத் தேடுபெட்டியில் இட்டுப் பாருங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு அடிக்கடி தரும் சொல் ‘நினைவாற்றல்’. அதைத் தட்டினால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான வல்லாரைக் குறிப்புகள் வருகின்றன. ‘மனநிறைவு’ என்றால் போதுமென்ற மனம் பற்றிய சொற்பொழிவுகள். ‘விழிப்புணர்வு’ என்றால் டெங்கு, தலைக்கவசம், வாக்காளர் பட்டியல். ‘தியானம்’ என்றால் எல்லாமே.

48 வயதில் இரவு 3 மணிக்கு விழித்துக்கொண்டு மறுபடி தூக்கம் வராத ஒருவர், 15 நிமிடத்துக்கு ஒழுங்கான ஒரு வழிகாட்டு ஒலிப்பதிவைத் தேட எந்தச் சொல்லைத் தட்டுவார்? நமக்கு வேண்டியது அந்தச் சொல்.

வலையொலியில் வரப்போகும் சொல், ஆகவே காதில் விழுந்ததும் பிடிபட வேண்டும். ‘மைண்ட்ஃபுல்லாக உண்பது’, ‘மைண்ட்ஃபுல்லாக நடப்பது’ என்று வினையோடும் சேர வேண்டும். எந்தச் சமயத்தாரும் தயங்காமல் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். என் முன்மொழிவு: நிகழ்விழிப்பு. நிகழ்காலத்தில் விழிப்போடு இருத்தல்.

---

அனுப்புநர்: மதுரை (பாலி, பௌத்தம்)
மறு: மைண்ட்ஃபுல்னஸ், தமிழில் என்ன?

ஐயா, வேரிலிருந்து தொடங்கலாம். பாலி அறிஞர் ரைஸ் டேவிட்ஸ் 1881இல் பௌத்தத்தின் பாலி சூத்திரங்களை ஆங்கிலமாக்கியபோது ‘சதி’ என்ற சொல்லுக்கு இட்ட பெயர்தான் மைண்ட்ஃபுல்னஸ். சதி என்பது வடமொழி ஸ்மிருதிக்கு இணை. அடிப்பொருள் நினைவு, மறவாமை. எனவே ‘நினைவாற்றல்’ முற்றிலும் அபத்தம் என்று தள்ள முடியாது, வேரைத் தொட்டுவிட்டுக் கிளை மாறிய சொல் அது. சதியை அப்படியே எடுத்தாள வழியில்லை. தமிழில் அது சூழ்ச்சி, அல்லது உடன்கட்டை.

தமிழ்ப் பௌத்தம் இதற்கு எப்போதோ சொல் கண்டுவிட்டது. புத்தர் சொன்ன எண்வகை வழியில் ஒன்றான சம்மாசதியை (நல்ல சதி) தமிழில் நற்கடைப்பிடி என்பார்கள். இன்று கடைப்பிடி என்றால் விதியைப் பின்பற்று என்றுதான் பொருள் கொள்கிறோம். பழைய பொருள் வேறு. இறையனார் களவியல் உரை அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என ஆடவர் குணம் நான்கைச் சொல்லி, கடைப்பிடியைக் கொண்ட பொருள் மறவாமை என்று விளக்குகிறது. சதி என்பதற்கு இதைவிட நெருங்கிய சொல் எந்த மொழியில் கிடைக்கும்? ‘அற்றது அறிந்து கடைப்பிடித்து மாறல்ல துய்க்க துவரப் பசித்து’ என்ற 944ஆம் குறளிலும் அந்தச் சாயல் இருக்கிறது. முன் உண்டது செரித்ததை அறிந்து, கருத்தில் கொண்டு, நன்றாகப் பசித்த பின் உண். இன்று மைண்ட்ஃபுல் ஈட்டிங் என்று கற்றுத் தருவதிலும் ஒரு பாடம் வயிற்றைக் கேட்டுவிட்டு உண்பதுதானே.

பொச்சாவாமை என்று குறளில் ஓர் அதிகாரமே உண்டு (54). அதுவும் மறவாமைதான், ஆனால் அதை யாரும் தட்டித் தேடப் போவதில்லை. என் வாக்கு கடைப்பிடிக்கு.

---

அனுப்புநர்: யாழ்ப்பாணம் (உளவளத்துணை)
மறு: மறு: மைண்ட்ஃபுல்னஸ், தமிழில் என்ன?

> நிகழ்காலத்தில் விழிப்போடு இருத்தல்

வணக்கம். ‘நிகழ்விழிப்பு’ எழுத்தில் அழகு. ஒலியில் கேட்டால் நிகழ்வு + இழிப்பு என்றும் பிரியும். அறிவிப்பாளர் வேகமாகச் சொன்னால் எதையோ இழிவுபடுத்துவதாகத்தான் காதில் விழும்.

விழிப்பு என்ற சொல்லிலேயே இன்னொரு தடை இருக்கிறது. நடுவயதில் எங்களிடம் வருபவர்களின் முதல் முறைப்பாடு நித்திரையின்மை. “மனம் முழிச்சுக்கொண்டே கிடக்குது” என்பார்கள். அவர்களிடம் ‘மனவிழிப்புப் பயிற்சி செய்யுங்கோ’ என்றால், நோயின் பெயரையே மருந்துக்கும் வைத்தது போலாகிவிடும்.

பட்டியல் தொகுப்பவர்கள் கவனிக்க: பாக்கு நீரிணையின் இரு கரையிலும் தேடுசொற்கள் வேறு. அங்கே மனநலம், இங்கே உளநலம். அங்கே ஆலோசகர், இங்கே உளவளத்துணையாளர். அங்கே தூக்கமின்மை, இங்கே நித்திரையின்மை. தமிழ்நாட்டில் ‘மன அழுத்தம்’ ஸ்ட்ரெஸுக்கும் டிப்ரெஷனுக்கும் சேர்த்தே ஓடுகிறது, இது ஆபத்தான குழப்பம். வேலைப் பளுவுக்கான மூச்சுப் பயிற்சியும், உயிர்மேல் வெறுப்பு வந்தவருக்கான பேச்சும் ஒரே தேடலில் வந்து விழுகின்றன. பட்டியலிலாவது ஸ்ட்ரெஸுக்கு மன அழுத்தம், டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு என்று கண்டிப்பாகப் பிரியுங்கள்.

---

அனுப்புநர்: கோவை (ஒலிப்பதிவு)
மறு: மறு: மறு: மைண்ட்ஃபுல்னஸ், தமிழில் என்ன?

சொல் முடிவாகும் வரை, பட்டியலில் எதைச் சேர்ப்பது என்பதற்கு ஒலித் தரப்பிலிருந்து சில குறிப்புகள். இவை சரியில்லாமல் போனால் எந்தச் சொல் வைத்தும் பயனில்லை.

வழிகாட்டு தியானப் பதிவில் மௌனமும் பாடத்தின் பகுதி. “மூச்சைக் கவனியுங்கள்” என்றபின் 30 அல்லது 60 நொடி சும்மா விடுவார்கள். பல வலையொலிச் செயலிகளில் மௌனத்தை வெட்டித் தள்ளும் வசதி உண்டு. ஆண்டெனாபாட், பாக்கெட் காஸ்ட்ஸ், ஓவர்காஸ்ட் மூன்றிலும் அது வெவ்வேறு பெயரில் இருக்கிறது. செய்தி கேட்க அதை இயக்கி வைத்தவர் அப்படியே தியானத்தைப் போட்டால் 20 நிமிடப் பதிவு மிகச் சீக்கிரம் முடிந்துவிடும், கட்டளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். “எனக்கு இது ஒத்துவரவில்லை, படபடப்புதான் கூடுகிறது” என்று விட்டுவிடுபவர்கள் முதலில் இந்த அமைப்பைப் பார்க்க வேண்டும். வேகத்தையும் 1.0க்குக் கொண்டு வர வேண்டும். தொடர் வாரியாக அமைப்பை மாற்ற முடிந்தால் தியானத் தொடருக்கு மட்டும் அணைத்து வைத்தால் போதும்.

அடுத்தது விளம்பரம். இடையில் தானாகச் செருகப்படும் விளம்பரம் மௌனத்தின் நடுவில் வெடித்தால் உடல் தூக்கிவாரிப்போடும். பட்டியலில் ஒவ்வொரு தொடருக்கும் ‘இடையில் விளம்பரம் உண்டு, இல்லை’ என்று ஒரு கட்டம் வையுங்கள். யூடியூபில் மட்டும் இருப்பதைவிட ஆர்எஸ்எஸ் ஓடை (வலையொலிச் செயலிகள் புதிய பகுதிகளைப் பெறும் இணைய வழி) உள்ள தொடருக்கு முன்னிடம் கொடுங்கள். பதிவிறக்கி, விமானப் பயன்முறையில் போட்டுக் கேட்கலாம், நடுவில் அழைப்பும் வராது. ஒற்றைத்தடத்தில் (மோனோ) 64 கேபிபிஎஸ் என்றால் 20 நிமிடம் சுமார் 10 எம்பிதான், இரவு வைஃபையில் இறங்கிவிடும்.

தமிழில் புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு: ஆப்பிள் கேட்கும் ஒலியளவு −16 எல்யூஎஃப்எஸ் (பதிவின் சராசரி உரப்பை அளக்கும் அலகு), ஒரு டெசிபல் கூடக் குறைய இருக்கலாம், உச்சம் −1 டெசிபலைத் தாண்டக் கூடாது. தியானப் பதிவில் பலர் செய்யும் பிழை, இரைச்சல் நீக்கியை அளவுக்கு மீறி ஏற்றுவது. பேச்சு நின்றதும் அறையின் மெல்லிய ஒலியும் சேர்ந்து அறுந்து போகும், கேட்பவர் பதிவு நின்றுவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்ப்பார். ஆள் இல்லாத அறையின் ஒலியை ஒரு நிமிடம் தனியாகப் பதிந்து, அதை மௌனங்களுக்கு அடியில் ஓட விடுங்கள்.

சொல் பற்றி ஒரு வரி. பாட்காஸ்ட் என்ற பெயரை 2004 பிப்ரவரியில் கார்டியன் இதழில் பென் ஹாமர்ஸ்லி போகிற போக்கில் எழுதினார். பாதிப் பெயர் கொடுத்த ஐபாட் என்ற ஆப்பிளின் பாட்டுக் கருவி 2022இல் நிறுத்தப்பட்டது. பெயர் நிற்கிறது. எனவே காரணப்பெயர் துல்லியமாக இருக்க வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், வாயில் வரட்டும். ‘உன்னிப்பு’ வாயில் வருகிறது.

---

அனுப்புநர்: திருச்சி (மருத்துவ உளவியல்)
மறு: உன்னிப்பு / கடைப்பிடி

கோவை ஐயா சொன்ன மௌன வெட்டு மிக முக்கியம், நன்றி. ஆனால் உன்னிப்பு வேண்டாம். எல்லையை ராணுவம் உன்னிப்பாகக் கவனிக்கிறது என்பதில் வரும் சொல் அது. புருவம் சுருங்குகிறது. ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியின் வரையறையில் நான்கு கூறுகள்: கவனம், நோக்கத்தோடு, இந்தக் கணத்தில், தீர்ப்புச் சொல்லாமல். நான்கையும் ஒரே சொல்லில் அடைக்க முடியாது. முதலும் மூன்றும் போதும் என்றால் நிகழ்கவனம் கிடைக்கிறது. கவனம் எல்லா வீட்டிலும் இருக்கும் சொல். நிகழ் என்பது நிகழ்காலத்தில் ஏற்கெனவே பழகியது. நிகழ்கவனத்தோடு உண், நிகழ்கவன நடை, நிகழ்கவனம் சார்ந்த மன அழுத்தக் குறைப்பு என எல்லாம் ஒட்டுகின்றன. வேகமாகச் சொன்னாலும் வேறாகப் பிரியாது.

எதைப் பட்டியலில் சேர்ப்பது என்பதற்கு எங்கள் தரப்பு. முதலில் பேசுபவர் யார் என்று பாருங்கள். மனநல மருத்துவர் என்றால் எம்டி, டிபிஎம் போன்ற மேற்படிப்புத் தகுதியும் மருத்துவக் கவுன்சில் பதிவும் இருக்கும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவெண் இருக்கும். தியான ஆசிரியருக்கு இவை தேவையில்லை, ஆனால் அவர் நோய் தீர்ப்பதாகச் சொல்லக் கூடாது. “மாத்திரையை நிறுத்திவிடலாம்” என்ற ஒரு வாக்கியம் எந்தப் பகுதியில் வந்தாலும் முழுத் தொடரையும் நீக்கிவிடுங்கள். மனச்சோர்வு, தூக்க மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் என்று திரும்ப அடிக்கும்.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குத் தொடங்க எளிய இடம் அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் பதிவுகள். ஹாமர் அருங்காட்சியகத்தில் நடக்கும் அரைமணி நேர அமர்வுகள் வலையொலியாகக் கிடைக்கின்றன, இலவசம். 3 முதல் 19 நிமிடம் வரை குறும்பதிவுகளும் உண்டு. முன்னாள் தொலைக்காட்சிச் செய்தியாளர் டான் ஹாரிஸின் டென் பர்சென்ட் ஹாப்பியர் வலையொலி பெரும்பாலும் உரையாடல், ‘இதெல்லாம் சாமியார் வேலை’ என்று ஒதுங்குபவர்களுக்கு ஏற்றது. உரையாடலையும் பயிற்சியையும் பட்டியலில் கலக்காதீர்கள். பயிற்சியைப் பற்றி நூறு மணி நேரம் கேட்டும் ஒரு நாள்கூட உட்காராதவர்கள் உண்டு.

ஒரு தொடரைச் சோதிக்க ஒரு வாரம் போதும். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை, ஒரே நேரத்தில். 10 நிமிடப் பதிவில் தொடங்குங்கள். கபாட்-ஜின்னின் எட்டு வாரத் திட்டத்தில் தினமும் 45 நிமிடம் உண்டு, ஆனால் வேலைக்கும் போய், பெற்றோரையும் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளின் பிளஸ் டூவையும் தாங்குபவர் 45இல் தொடங்கினால் மூன்றாம் நாள் நின்றுவிடும். வண்டி ஓட்டும்போது வழிகாட்டு தியானம் கூடவே கூடாது.

மூச்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை பட்டியலின் மேலேயே இருக்க வேண்டும். பீதித் தாக்கம் (பேனிக் அட்டாக்) வந்தவர்களுக்கும் பழைய அதிர்ச்சி உள்ளவர்களுக்கும் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது பதற்றத்தைக் கூட்டலாம். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்து, பாதம் தரையில் படுவதையோ மின்விசிறிச் சத்தத்தையோ பிடித்துக்கொள்ளலாம். இந்த மாற்று வழியைச் சொல்லித்தரும் தொடருக்கு நட்சத்திரக் குறி இடுங்கள். 45 முதல் 55 வயதுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீர் உடல் வெப்பம், படபடப்பு, தூக்கக் கேடு மூன்றும் சேர்ந்து வரலாம். இவற்றில் சில தைராய்டுக் கோளாறிலும் ரத்தசோகையிலும் வரலாம். ரத்தப் பரிசோதனைக்குப் பதிலாக யாரும் வலையொலி கேட்கக் கூடாது.

---

அனுப்புநர்: சிங்கப்பூர்
மறு: மறு: உன்னிப்பு / கடைப்பிடி

நிகழ்கவனம், சரி. நடுவயதுக்கு ‘பேரிளமை’ வைக்கலாமா?

---

அனுப்புநர்: மதுரை
மறு: மறு: மறு: உன்னிப்பு / கடைப்பிடி

பேரிளம்பெண் என்பது பெண்ணுக்கு மட்டும் உரிய ஏழு பருவத்தில் கடைசி, 40இல் முடிந்துவிடுகிறது. நாம் தொடங்குவதே அங்கேதான். நடுவயது போதும்.

நிகழ்கவனத்தை ஏற்கிறேன், ஒரு வருத்தத்தோடு. மறவாமை என்ற கூறு அதில் இல்லை. மனம் ஓடிப்போவது பிழை அல்ல, ஓடியதை நினைவுகூர்ந்து திரும்பி வருவதுதான் பயிற்சி. கவனம் என்ற சொல் சிதறாமல் இருப்பதையே வெற்றி ஆக்கிவிடுகிறது. அதனால்தான் புதியவர்கள் ஐந்தாம் நிமிடத்தில் தோற்றுவிட்டதாக எண்ணி எழுந்துவிடுகிறார்கள். விளக்கக் குறிப்பில் இதை ஒரு வாக்கியமாகவாவது சேர்க்க வேண்டுகிறேன். பௌத்த நூல்களை மொழிபெயர்க்கும்போது கடைப்பிடியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

அனுப்புநர்: சென்னை (பட்டியல் தொகுப்பு)
மறு: நிகழ்கவனம், தற்காலிக முடிவு

மருத்துவ, வலையொலிப் பயன்பாட்டுக்கு நிகழ்கவனம், பௌத்த நூல்களில் சதிக்குக் கடைப்பிடி என்று இரண்டாகப் பதிகிறேன். மதுரை ஐயாவின் குறிப்பு இப்படிப் போகும்: ‘நிகழ்கவனம்: இந்தக் கணத்தில் நடப்பதைத் தீர்ப்பின்றிக் கவனித்தல், கவனம் விலகியதை உணர்ந்து திரும்புதலும் இதில் அடங்கும்.’

புதுச்சொல்லை இன்று யாரும் தேடப் போவதில்லை. ஆகவே ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் நிகழ்கவனமும் மைண்ட்ஃபுல்னஸும் அருகருகே நிற்கட்டும், விவரக் குறிப்பின் முதல் இரண்டு வரிகளுக்குள் ‘40 வயதுக்கு மேல்’, தூக்கமின்மை, நித்திரையின்மை, மனநலம், உளநலம் எல்லாம் வரட்டும். பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே, இந்தியாவில் டெலிமானஸ் 14416, இலங்கையில் 1926 என்ற இரண்டு மனநல உதவி எண்கள். தாழ்ந்த மனநிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, உயிரை விடும் எண்ணம் ஒருமுறை வந்தாலோ, பதிவைத் தேடாமல் அந்த எண்ணை அழைக்கச் சொல்லும் ஒரு வரியும் கூடவே.

மிச்சமிருப்பது கோவை ஐயா காட்டிய அந்த அமைப்பு. செயலிகளைத் தமிழாக்குவோர் அதற்கு என்ன பெயர் வைப்பது? ‘மௌனம் நீக்கு’ என்றால் நல்ல வேலை செய்வதுபோல் தோன்றி எல்லாரும் இயக்கிவிடுவார்கள். இடைமௌன வெட்டு என்று எழுதலாமா? வெள்ளிக்கிழமைக்குள் மறுப்புகளை அனுப்புங்கள்.